பிளானர் பெல்ட் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை, தவறு எங்கே இருக்கிறது?

தட்டோன் பட்டறை

எல்லாருக்கும் வணக்கம். மியான்மரில், தட்டோனில் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கட்டில், அப்புறம் கோயிலுக்கு வாகனம் கேட்டால் அதுவும் செய்வோம். பெரும்பாலும் தேக்கு, கொஞ்சம் பிங்காடோ என்கிற கடினமான மரம். 12 அங்குல பிளானர் (மரம் இழைக்கிற மிஷின்) ஒன்று அப்பா காலத்திலிருந்து ஓடுகிறது. 3 எச்.பி. மோட்டார், இரண்டு பெல்ட், நம்பர் பி-52. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் இரண்டும் புதுசாகப் போட்டேன். ஜூன் தொடக்கத்திலேயே ஒன்று அறுந்துவிட்டது. அறுந்ததை மட்டும் மாற்றினேன், இப்போது அந்தப் புதுசும் கத்துகிறது. மரம் உள்ளே போகும்போது ஒரு கீச்சுச் சத்தம், கூடவே ரப்பர் கருகுகிற வாடை. டீக்கடையில் ஒருவர் சோப்பைத் தேய்க்கச் சொன்னார், தேய்த்தேன். ஒரு நாள் சத்தம் இல்லை, மறுநாள் முன்னைவிட மோசம். மழைக்காலத்தில் ஈரத்தால் இப்படி ஆகுமா, இல்லை பெல்ட் போலியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

யாங்கோன் பிட்டர்

வணக்கம் அண்ணே. போலி பெல்ட் சந்தையில் உண்டுதான், ஆனால் இரண்டு மாதத்தில் அறுந்தால் நான் முதலில் பெல்டைச் சந்தேகப்பட மாட்டேன். பெல்ட்தான் அந்த மிஷினிலேயே விலை குறைந்த பொருள், வேறு எங்கே கோளாறு இருந்தாலும் அடி வாங்குவது அதுதான். அறுந்த பெல்டைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இருந்தால் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், நடந்ததெல்லாம் அதன் மேல்தான் இருக்கும்.

இரண்டு பக்கச் சுவரும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகிப்போயிருந்தால் வழுக்கி ஓடியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு புல்லியும் (பெல்ட் ஓடுகிற சக்கரங்கள்) நேர்கோட்டில் இல்லை. அடிப்பக்கம் குறுக்கே குறுக்கே வெடிப்பு விட்டிருந்தால் சூடு, இல்லாவிட்டால் சின்னப் புல்லியில் அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது. தொட்டால் பிசுபிசுப்பாக, பருத்துப்போய் இருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாமல் ஒரே இடத்தில் சட்டென்று அறுந்திருந்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்: மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பி ஏற்றினீர்களா? பெல்டுக்குள் ஓடுகிற நூல் கயிறுதான் பாரத்தை இழுக்கிறது, ரப்பர் இல்லை. நெம்பும்போது அந்தக் கயிற்றில் நாலு இழை உள்ளேயே அறுந்துவிடும். வெளியே தெரியாது. பிறகு ஒரு நாள் பாரம் ஏறும்போது மொத்தமும் விட்டுவிடும்.

இன்னொன்று, இரண்டு பெல்டில் ஒன்றை மட்டும் மாற்றியது தவறு. பழசு இழுபட்டு நீண்டிருக்கும், புதுசு இறுக்கமாக இருக்கும், அப்போது முழுப் பாரமும் புதுசின் மேல்தான். இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே நம்பரில், ஒரே நாளில் போடுங்கள்.

மோல்மேன் பெரியவர்

தம்பி, சோப்பு வேண்டாம். குங்கிலியத்தை நைசாகப் பொடித்து, பெல்ட் ஓடும்போது உட்பக்கம் லேசாகத் தூவு, பிடித்துக்கொள்ளும். நான் சின்னப் பையனாக வாள்மில்லில் வேலைக்குப் போன காலத்தில் அப்படித்தான் செய்தோம். கூரைக்குக் கீழே நீளமாக ஒரே ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு தோல் பட்டை இறங்கும். பட்டை காய்ந்து விறைத்தால் விளக்கெண்ணெய் தடவுவோம், வழுக்கினால் குங்கிலியம். வருஷக்கணக்கில் ஓடிய பட்டைகள் அவை.

யாங்கோன் பிட்டர்

ஐயா சொல்வது தோல் பட்டைக்குச் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் தட்டோன் அண்ணனுடையது வி பெல்ட். இரண்டும் பிடிக்கிற விதமே வேறு. தட்டைப் பட்டை புல்லியின் மேற்பரப்பில் படுத்து உராய்ந்து இழுக்கிறது, அதற்குப் பிசின் உதவும். வி பெல்ட் பள்ளத்தின் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறங்கி இறுகுகிறது. மரத்தில் ஆப்பு அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆப்பு நிற்பது பசையால் இல்லை, சரிவால். அங்கே குங்கிலியம் போட்டால் முதல் அரை மணி நேரம் பிடிக்கும், அப்புறம் அந்தப் பிசினில் மரத்தூள் ஒட்டும், தேக்குத் தூளில் ஏற்கெனவே எண்ணெய்ப் பசை இருக்கிறது, இரண்டும் சேர்ந்து பள்ளத்தில் கல் மாதிரி கட்டிக்கொள்ளும். பெல்ட் கீழே இறங்க இடமில்லாமல் மேலேயே மிதக்கும். ரப்பர் பெல்டுக்கு விளக்கெண்ணெய், கிரீஸ், சோப்பு எதுவும் கூடாது.

மோல்மேன் பெரியவர்

ஆப்பு என்று நீ சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வி பெல்ட் எனக்குப் பின்னால் வந்த சரக்கு. ஆனால் இன்னும் தட்டைப் பட்டையில் பெரிய ரம்பம் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டை கழன்று கழன்று விழுகிறது என்று புல்லி ஓரத்தில் தகரம் வைத்துத் தடுக்காதீர்கள், பட்டையின் விளிம்புதான் கிழியும். பழைய புல்லியை விரலால் தடவிப் பாருங்கள், நடுவில் மெல்லிய மேடு தெரியும். பட்டை எப்போதும் மேட்டை நோக்கித்தான் ஏறும், அதனால்தான் நடுவில் நிற்கிறது. அந்த மேடு தேய்ந்து தட்டையாகிவிட்டால் பட்டை நிலைகொள்ளாமல் அலையும். கடைசல்காரரிடம் கொடுத்து மேட்டை மறுபடி கடைந்து வாங்குங்கள். பட்டையைத் தைத்த இடமும் முக்கியம், முனைகளைக் கட்டாயம் மூலைமட்டம் வைத்து வெட்ட வேண்டும், கோணலாக வெட்டித் தைத்தால் சுற்றுக்கு ஒரு தடவை பட்டை பாம்பு மாதிரி நெளியும்.

தட்டோன் பட்டறை

நேற்று ஞாயிறு, பட்டறை லீவு. மெயினை இறக்கிவிட்டுக் காப்புத் தகரத்தைக் கழற்றினேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு வருஷமாக அதைக் கழற்றவே இல்லை, பெல்டைப் பக்கவாட்டில் கையை விட்டே மாற்றியிருக்கிறேன். ஆமாம், நெம்பித்தான் ஏற்றினேன்.

தகரத்தின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு மாவு, விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டுகிறது. கட்டர் (கத்தி மாட்டிய உருளை) பக்கத்துப் புல்லியின் பள்ளத்தில் ஒரு தூள் கட்டி. பழுப்பாக, வெல்லப்பாகு இறுகின மாதிரி. இரும்பால் சுரண்டினால் பள்ளம் கீறிவிடும் என்று மூங்கில் பிளாச்சைச் சீவிச் சுரண்டினேன், துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது, அதில் போன வாரம் தேய்த்த சோப்பும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. எல்லாம் எடுத்தபிறகு பார்த்தால் பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னுகிறது. சுவர்களும் உள்வாங்கிக் குழிந்த மாதிரி இருக்கிறது. மோட்டார் பக்கத்துப் புல்லி அவ்வளவு மோசமில்லை. இதற்கு என்ன அர்த்தம்?

யாங்கோன் பிட்டர்

அண்ணே, காரணம் கிடைத்துவிட்டது. வி பெல்டின் அடி ஒருபோதும் பள்ளத்தின் அடியைத் தொடக் கூடாது. அடி மின்னுகிறது என்றால் பெல்ட் அங்கே உட்கார்ந்து உரசியிருக்கிறது, ஆப்பு தரையில் முட்டிவிட்டது, இனி சுவரைப் பிடிக்க அதற்கு வலு கிடையாது. இந்த நிலையில் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். இறுக்க இறுக்க பேரிங்தான் போகும்.

ஒரு எளிய சோதனை: புது பெல்டைப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். பெல்டின் முதுகு புல்லி விளிம்போடு சமமாகவோ ஒரு இழை மேலேயோ நிற்க வேண்டும். உள்ளே அமிழ்ந்தால் புல்லி தேய்ந்துவிட்டது. சுவர்க் குழிவை அளக்க ஒரு நேரான இரும்புப் பட்டையின் ஓரத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பின்னால் டார்ச் அடியுங்கள். இடைவெளி 0.8 மில்லிமீட்டரைத் தாண்டினால் புல்லியை மாற்றியாக வேண்டும், வேறு வழியில்லை. தேய்ந்த புல்லியில் புது பெல்ட் போடுவது தேய்ந்த செருப்புக்குப் புது வார் கட்டுகிற மாதிரிதான்.

அந்தப் புல்லி எத்தனை அங்குலம்?

தட்டோன் பட்டறை

வெளி விட்டம் 4 அங்குலம். மோட்டாரில் 5.

யாங்கோன் பிட்டர்

4 அங்குலம் பி பெல்டுக்குச் சின்னது. ஏ பெல்ட் 13 மில்லிமீட்டர் அகலம், 8 கனம். பி பெல்ட் 17 அகலம், 11 கனம். கனம் கூடக்கூட வளைவதற்குக் கஷ்டப்படும். ஏ பெல்டுக்குப் புல்லி 3 அங்குலம், பி பெல்டுக்கு 5 அங்குலம், அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் மடங்கி நிமிர்ந்து உள்ளேயே சூடாகும். பெல்டின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கிற கணக்கு. புல்லியைப் பெரிதாக்கினால் கட்டர் வேகம் குறையும், இழைப்பு சொரசொரக்கும். அதனால் விட்டத்தை மாற்றாதீர்கள், அதே அளவில் புதுப் புல்லி கடையச் சொல்லி, பெல்டை மட்டும் அடியில் பல் வெட்டியதாக வாங்குங்கள், பி.எக்ஸ். என்று போட்டிருக்கும். பல் இருப்பதால் சின்னப் புல்லியில் சுலபமாக வளையும், காற்றும் புகும்.

கடைசல்காரரிடம் பள்ளத்தின் கோணத்தை வாயால் சொல்லாமல் போகாதீர்கள். பெல்டின் கோணம் 40 டிகிரி, அதனால் பலர் பள்ளத்தையும் 40 வெட்டிவிடுகிறார்கள். பெல்ட் வளையும்போது அடிப்பக்கம் பிதுங்கும், கோணம் குறுகும். ஆகவே சின்னப் புல்லிக்கு 34 டிகிரி, பெரியதற்கு 38 வரை. உங்கள் 4 அங்குலத்துக்கு 34 என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பெகு மரக்கடை

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். பெல்டைப் பற்றிப் பேசும்போது கையைப் பற்றியும் பேச வேண்டும். நம் ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது, எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போன நேரம்தானே என்று என் சித்தப்பா காப்பைக் கழற்றிப் பெல்டைத் தள்ளிப் பார்த்தார். ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. கரண்ட் வந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் பெல்டுக்கும் புல்லிக்கும் நடுவில் போய்விட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை, நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

கைப்பிடி இழுத்துப் போடுகிற பழைய ஸ்விட்ச் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. பச்சை, சிவப்பு பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் போட்டால் கரண்ட் போனதும் அதுவே விழுந்துவிடும், திரும்ப வந்தாலும் நீங்கள் அமுக்காமல் மிஷின் சுற்றாது. அன்றைக்கே எங்கள் பட்டறையில் நாலு மிஷினுக்கும் மாற்றினோம். ஸ்டார்ட்டர் இருந்தாலும் பெல்டைத் தொடுவதற்கு முன் மெயின் பியூஸைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொள்ளுங்கள். பையன்கள் யாராவது தெரியாமல் மெயினைப் போட்டுவிடக் கூடாது.

தட்டோன் பட்டறை

படிக்கும்போதே உடம்பு சிலிர்த்துவிட்டது அண்ணே. எங்களுடையதும் கைப்பிடி ஸ்விட்ச்தான். புல்லி கடையக் கொடுத்த அன்றே ஸ்டார்ட்டரும் வாங்கிவிட்டேன்.

மாண்டலே பட்டறை

நேர்கோடு பற்றி என் அனுபவம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் பட்டறைச் சுவர் ஒன்று விழுந்தது, மிஷின்கள் தப்பின என்று நினைத்தோம். சுத்தம் செய்து ஓட்ட ஆரம்பித்ததும் பேண்ட்சாவில் (பட்டை ரம்பத்தில்) பெல்ட் அடிக்கடி புரண்டு தலைகீழாகக் கிடந்தது. மூன்று பெல்ட் மாற்றினோம். கடைசியில் பார்த்தால் மோட்டார் இருந்த கான்கிரீட் தளம் ஒரு மூலையில் இறங்கியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு. நூல் பிடித்தபோதுதான் தெரிந்தது. 7.7 அளவு நடுக்கம், எதுவும் பழைய இடத்தில் இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. சகாயிங், மாண்டலே பக்கம் மிஷின் வைத்திருப்பவர்கள் இன்னும் நூல் பிடித்துப் பார்க்கவில்லை என்றால் உடனே பாருங்கள்.

நூல் பிடிப்பது இப்படி: ஒரு புல்லியின் வெளி முகத்தில் இரண்டு ஓரத்தையும் நூல் தொட வேண்டும், அப்படியே இழுத்து அடுத்த புல்லியின் முகத்தையும் இரண்டு ஓரத்தில் தொட வேண்டும். நாலு இடமும் தொட்டால் நேர். மூன்று தொட்டு ஒன்று விலகினால் ஷாஃப்ட் திரும்பியிருக்கிறது, இரண்டு தொட்டு இரண்டு சமமாக விலகினால் புல்லி முன்னே பின்னே நிற்கிறது. வி பெல்டுக்கு அரை டிகிரி வரை பரவாயில்லை. புல்லிகளின் முகக் கனம் வேறு வேறாக இருந்தால் முகத்தை நம்பாமல் பள்ளத்தின் நடுவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெகு மரக்கடை

கரண்ட் பேச்சு வந்ததால் இன்னொன்று. மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும்போது பிளானர் திணறும், உடனே பெல்ட் வழுக்குகிறது என்று இறுக்குவார்கள். மூன்று பேஸ் 400 வோல்ட் 320க்கு இறங்கினால் மோட்டாரின் இழுவை மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடும். அது பெல்டின் குற்றமில்லை. காது கொடுத்துக் கேளுங்கள்: மோட்டார் சத்தம் மாறாமல் கட்டர் சத்தம் மட்டும் இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் மோட்டாரே முடியாமல் தவிக்கிறது.

கத்தியையும் பார்க்க வேண்டும். தேக்கில் மணல்சத்து இருப்பதால் கத்தி முனை சீக்கிரம் மழுங்கும். பிங்காடோவைச் சொல்லவே வேண்டாம், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற மரம் அது. மழுங்கின கத்தியோடு 3 மில்லிமீட்டர் சீவ வைத்தால் எந்தப் பெல்டும் கத்தும்.

யாங்கோன் பிட்டர்

சரியாகச் சொன்னீர்கள். தட்டோன் அண்ணே, புல்லி வந்ததும் மாட்டுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் அடிப்பலகையின் நட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரைக் கட்டர் பக்கம் தள்ளுங்கள். பெல்ட் கையாலேயே தளர்வாக ஏற வேண்டும், நெம்பும் வேலையே கூடாது. பிறகு மோட்டாரைப் பின்னால் இழுத்து இறுக்குங்கள். அளவு: இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட் அந்தரத்தில் நிற்கிற நீளத்தை அளந்து, அதை 64ஆல் வகுத்தால் வருகிற அளவுதான் நடுவில் அமுக்கும்போது இறங்க வேண்டிய தூரம். உங்களுடையது சுமார் 500 மில்லிமீட்டர் இருக்கும், ஆகவே கட்டைவிரலால் உறுதியாக அமுக்கினால் 8 மில்லிமீட்டர். இரண்டு பெல்டும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். நட்டை இறுக்கியபிறகு மறுபடி நூல் பிடியுங்கள், இறுக்கும்போது மோட்டார் திரும்பிக்கொள்ளும்.

புது பெல்ட் முதல் இரண்டு நாளில் பள்ளத்தில் அமர்ந்து கொஞ்சம் நீளும். அந்த இரண்டு நாள் கழித்து மறுபடி இறுக்குவதைப் பாதிப் பேர் செய்வதில்லை, அங்கேதான் வழுக்கல் ஆரம்பிக்கிறது.

பெல்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள், பழசை அளந்து வாங்காதீர்கள், அது நீண்டிருக்கும். பி-52 என்றால் உள்சுற்று 52 அங்குலம், வெளியே அளந்தால் 55 வரும். ஏ பெல்டில் வெளியே 2 அங்குலம்தான் கூடும். அமெரிக்க மிஷின்களில் 4எல் என்று தொடங்குகிற நம்பர் வெளிச்சுற்றைச் சொல்வது, 4எல்280ம் ஏ-26ம் ஒரே நீளம், இரண்டும் வெளியே 28 அங்குலம். இதில் குழம்பித் தப்பு பெல்ட் வாங்கினவர்கள் நிறையப் பேர்.

மோல்மேன் பெரியவர்

உபரி பெல்டை எங்கே வைப்பது என்று யாரும் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். ஆணியில் மாட்டாதே தம்பி, தொங்கித் தொங்கி அந்த இடத்தில் மடிப்பு விழும். மூங்கில் குழாயை அறுத்துச் சுவரில் பதித்து அதன் மேல் மாட்டு. ஜெனரேட்டர் பக்கத்திலும் வெல்டிங் பக்கத்திலும் வேண்டாம், அந்தக் காற்றில் ரப்பர் வெடிக்கும், வெயிலும் ஆகாது.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம் இல்லையா, பையன்கள் பெல்டின் மேலேயே அப்பிவிடுவார்கள், சிலர் எண்ணெயில் குழைத்து வைப்பார்கள். பெல்டில் வேண்டாம், மிஷின் உடம்பில் வை. அன்றைக்கு எல்லா மிஷினும் நிற்கிறது, எல்லாக் காப்பும் கழற்றித் துடைக்கிறோம், அதனால் நான் வருஷா வருஷம் பெல்டைப் பார்க்கிற நாளும் அதுதான். பூஜை முடியும்வரை மெயின் போட மாட்டோம், பயமில்லாமல் கையை விட்டுப் பார்க்கலாம்.

தட்டோன் பட்டறை

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, நடந்ததை எழுதுகிறேன். புல்லி 34 டிகிரியில் கடைந்து வந்தது. பல் வெட்டிய பெல்ட் தட்டோனில் கிடைக்கவில்லை, யாங்கோனிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தேன், இரண்டும் ஒரே பாக்கெட். நூல் பிடித்ததில் மோட்டார் 4 மில்லிமீட்டர் உள்ளே நின்றது தெரிந்தது, தகடு வைத்துச் சரிசெய்தேன். கத்தியும் தீட்டினேன். முதல் பலகை உள்ளே போனபோது நானும் பையனும் பேசாமல் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம், கட்டர் சத்தம் இறங்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அமுக்கிப் பார்த்தேன், 8 என்று வைத்தது 12 ஆகியிருந்தது. மறுபடி இறுக்கினேன். நேற்று எட்டு மணிநேரம் தேக்கு ஓட்டிவிட்டு, பியூஸைப் பிடுங்கியபிறகு பெல்டைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான், கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. முன்பெல்லாம் தொட முடியாது.

ஒரு சந்தேகம் மட்டும். கத்தி சாணை பிடிக்கிற மிஷினில் ஏ-33 ஒன்று இருக்கிறது, மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் கிடந்தது. இப்போது போட்டால் டக் டக் டக் என்று அடிக்கிறது. அதிலும் புல்லி போய்விட்டதா?

யாங்கோன் பிட்டர்

அது வேறு. பல மாதம் ஒரே வளைவில் நின்ற பெல்ட் அந்த வடிவத்திலேயே உறைந்துவிடும், புல்லியில் கிடந்த இடம் வளைவாகவும் மற்ற இடம் நேராகவும். பாரமில்லாமல் கால் மணி நேரம் ஓட்டுங்கள், புதுசாக இருந்தால் இளகிவிடும். இளகாவிட்டால் மாற்றிவிடுங்கள், அந்த அதிர்வு சாணைக் கல்லுக்கு நல்லதில்லை. இனி ஓட்டாமல் வைக்கும் மிஷினில் மோட்டார் நட்டைத் தளர்த்திப் பெல்டைக் கழற்றி, ஐயா சொன்ன மூங்கிலில் மாட்டிவிடுங்கள்.